புத்தூர் பஸ்ஸின் பு

ராத்திரிக்கு இன்னா?
இரண்டே வார்த்தை.
நகரி மருந்துக்கடையில் நாள் முழுக்க
அடுத்தவர் வயிற்றுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு
ஏழே கால் பஸ்ஸில் பொதட்டூர்பேட்டையில் இறங்கினால்
எனக்கு முன்னால் அது வீட்டு வாசலில் நிற்கும்.
கஜபதி கேட்பதில்லை, பாவம்,
தறிச்சத்தத்தில் பாதிக் காது போனவர்.
யோஷிதா கேட்பதில்லை, அவளுக்கு விடை தெரியும்:
திங்கள் தோசை. செவ்வாய் அதே மாவு.
புதன் அதே மாவு புளித்து ஊத்தப்பம்.
வியாழன் ரவை.
கேட்பவள் நான்தான்.

பாட்டில் சுற்றப் பழைய பேப்பர் வாங்கப் போன இடத்தில்
தராசுத் தட்டில் கிடந்தது அந்தச் சமையல் புத்தகம்.
அட்டை இல்லை. முதல் எட்டுப் பக்கம் இல்லை.
பதினோராம் பக்கத்தில் மஞ்சள் கட்டைவிரல் ஒன்று,
ரேகையோடு.
நானூற்று இருபது கிராம், ஏழு ரூபாய் என்றார் கடைக்காரர்.
முழுக்கத் தெலுங்கு.

எனக்குப் பேச வரும். சண்டை போடவும் வரும்.
எழுத்து மட்டும்
பஸ் போர்டில் பார்த்த அளவுக்குத்தான்.

அன்று ராத்திரி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
திருப்பதியிலிருந்து ஒரு ப,
புத்தூரிலிருந்து ஒரு பு,
அதன் காலடியில் தொங்கும் குட்டி யாரென்று தெரியாமலே
சேர்த்துப் படித்தேன்:
பப்பு.
"பருப்பும்மா!" என்று குதித்தாள் யோஷிதா.
நகரியில் ந-வை இறக்கிவிட்டு
பின்படியில் யாரோ ஒருவரை ஏற்றினோம்,
மிச்சத்தை வாயே சொன்னது: கரிட்டெ. கரண்டி.
சத்தியவேட்டின் வால் கொஞ்சம் வளைந்தால் வேடி.
சூடு.

சிந்த என்பதுவரை வந்ததும் நிறுத்திக்கொண்டோம்.
சிந்த என்றால் புளி, யாருக்குத் தெரியாது?
எலுமிச்சை அளவு கரைத்துப் பருப்பில் ஊற்றினேன்.
கஜபதி ஒரு வாய் வைத்தார்.
ஒரு கண்ணை மூடினார்.
பிறகு மற்றதை.
கரண்ட் போய்த் தறி நின்ற மாதிரி ஒரு நிமிஷம்.
அப்புறம் நாங்கள் மூன்று பேரும் சிரித்தது
பக்கத்து வீட்டு டிவியைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

மறுநாள் இருமல் மருந்துக்கு வந்த ரமணம்மா
அந்த வரியைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.
சிந்த சிகுரு.
புளி இல்லை, புளியங்கொழுந்து.

செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு
செல்போன் வெளிச்சத்தோடு
சப்ரிஜிஸ்டர் ஆபீஸ் பின்னாலிருக்கும் மரத்தடியில்
குடும்பமாக நின்றோம்.
அவர் கிளையை வளைத்தார்.
அவள் எட்டிப் பறித்தாள்.
நான் துப்பட்டாவை விரித்துப் பிடித்தேன்.
யாராவது பார்த்திருந்தால் திருட்டு என்றிருப்பார்கள்.
ராத்திரிச் சாப்பாடு என்றால் நம்பியிருக்க மாட்டார்கள்.

பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ந்த மிளகாய் கிள்ளித் தாளித்தேன்.
கஜபதி ஒன்றும் சொல்லவில்லை.
தட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.
மறுபடியும் நகர்த்தினார்.

ஓரங்களில் பால்பாயிண்ட் கிறுக்கல் உண்டு.
உப்பு தக்குவ. உப்பு குறைவாம்.
இன்னோர் இடத்தில், மங்கிப்போன நீலத்தில்,
மூன்று நாள் முயன்று படித்தோம்:
சின்னோடு தின்னாடு.
சின்னவன் சாப்பிட்டான்.
அவ்வளவுதான். தேதி இல்லை.
எழுதிய ஆளுக்கும்
ஏதோ ஓர் ஏழே கால் பஸ் இருந்திருக்கிறது.

சில வியாழன் இன்னும் ரவைதான்,
பொய் சொல்ல மாட்டேன்.
ஆனால் நகரி ஸ்டாண்டில் நிற்கும்போது
ஏற வேண்டிய பஸ்ஸைவிட
எதிரே போகும் பஸ்ஸின் நெற்றியை அதிகம் பார்க்கிறேன்.
அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு குழம்பு,
அதில் ஒரு சொல், சொல்லின் நடுவில் ஓர் எழுத்து,
வயிறு உப்பி, தலையில் கொம்போடு.
ரமணம்மாவைக் கேட்டால் ஒரு நொடி.
கேட்கவில்லை.
அந்த எழுத்துக்கு எங்கோ ஓர் ஊர் இருக்கும்,
ஊர் இருந்தால் பஸ் இருக்கும்.
அது வரும்வரைக்கும்
அந்த இடத்தில் என்ன காய் எழுதியிருந்தாலும் சரி,
கத்தரிக்காய் போடுகிறோம்.